காத்துக்காரர் சொன்ன பதில்

என் வீட்டுக்காரரை லாரிக்காரர்கள் காத்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புறவழிச் சாலையில், எடைமேடைக்கு எதிரே, தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை அவருடையது. வண்டி தூரத்தில் வரும்போதே எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார். சாலை ஓரத்துக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தி, "பின்னாடி உள் சக்கரம், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கல்யாணமான புதிதில் இவர் என்மேல் கோபமாக இருக்கிறாரோ என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மனிதரே அப்படித்தான்.

நான் நேர்மாறு. கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை எனக்கு, பதினாறு வருஷமாக. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரைக்கும் காதிலிருந்து ரிசீவர் இறங்காது. பல் இல்லாதவர், சளி பிடித்தவர், எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர், குளியலறைக்குள் நின்று கத்துகிறவர், யாராக இருந்தாலும் அவர்கள் சொல்ல வருவது பாதியிலேயே எனக்குப் புரிந்துவிடும். "சிலிண்டர் வந்து..." என்று ஆரம்பிக்கும்போதே, "வரல, அதானே? நாளைக்குக் காலைல வந்துடும்" என்று முடித்துவிடுவேன். எங்கள் மேனேஜர் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இந்த அக்காவப் பாத்துக் கத்துக்கங்க" என்பார். ஒரு தடவை கேஸ் கசிகிறது என்று சொல்ல வந்தவரிடம் "நாளைக்கு வந்துடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நல்ல வேளை, அவர் திரும்பவும் கூப்பிட்டார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இவருக்கு ஒரு விபத்து நடந்தது. பழைய லாரிச் சக்கரங்களில் டயரைப் பிடித்து நிறுத்த ஓர் இரும்பு வளையம் இருக்கும். லாக் ரிங் என்பார்கள். காற்றடிக்கும்போது அது சரியாக உட்காரவில்லையென்றால் எகிறிவிடும். அதற்காகவே சக்கரத்தை ஓர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். இருபது வருஷம் இவர் அப்படித்தான் செய்தார். அன்றைக்கு ஒரு டிரைவர் அவசரம் அவசரம் என்று பறந்தான். கூண்டுக்குள் ஏற்கெனவே ஒரு சக்கரம் இருந்தது. சரி, ஒரே ஒரு தடவைதானே என்று வெளியில் வைத்து அடித்தார். வளையம் நேராக முகத்தில் வந்து அடித்தது.

கண் இரண்டும் தப்பின. மூக்கு போய்விட்டது. மேலுதடு முழுதும், கீழுதட்டில் பாதியும், முன்பற்கள் இருந்த தாடை எலும்பும் போய்விட்டன. ஒன்றரை வருஷத்தில் ஆறு ஆபரேஷன். தொடையிலிருந்து சதையை எடுத்து ஓட்டையை மூடினார்கள். உயிர் பிழைத்தார். மூச்சு விட்டார். கூழாகக் கரைத்துக் கொடுத்தால் சாப்பிட்டார். ஆனால் உதடு ஒட்டாது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். கையில் எப்போதும் ஒரு துண்டு.

பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதடு இல்லையென்றால் ப இல்லை, ம இல்லை, வ இல்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நீங்களே உதட்டை ஒட்டாமல் சொல்லிப் பாருங்கள், தெரியும். எங்கள் மகளை இவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். விபத்துக்குப் பிறகு அது "ஆக்கா" என்று வந்தது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "பாரும்மா, எல்லாரும் வயசக் குறைச்சுக்கறாங்க, அப்பா என்னை அக்காவாக்கிட்டார்" என்றாள். இவருக்கு முகத்தில் சிரிக்க இடம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

இவர் பேச்சு வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம், பஸ்ஸில், உறவுக்காரர்களிடம், எங்கே போனாலும் இவர் ஓர் ஒலி எழுப்புவார், நான் அதை வாக்கியமாக்கிக் கொடுப்பேன். போனில் செய்கிற அதே வேலைதானே. சில சமயம் இவர் முடிப்பதற்குள் நான் முடித்திருப்பேன். இவரும் தலையை ஆட்டிவிடுவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனிதர்தான்.

கடையைப் பூட்டியிருந்தோம். "முகம் சரியாகட்டும், அப்புறம் தொறக்கலாம்" என்றேன் நான். உறவில் ஒரு கல்யாணம் வந்தது. முகம் சரியாகட்டும் என்று போகவில்லை. மகள் பள்ளியில் பரிசு வாங்கினாள், அதற்கும் நான் மட்டும் போனேன். இப்படி எதற்கெடுத்தாலும் ஒரு முகம் சரியாகட்டும்.

இரண்டு வருஷம் கழித்து, இவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒல்லியான மனிதர். பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாகப் பேசுவார்.

"முகத்தையே மாத்தி வெக்கற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. மூளை செத்துப்போயி, மெஷின்ல மூச்சு ஓடிட்டிருக்கறவங்ககிட்ட இருந்து தோல், உதடு, மூக்கு, நரம்பு, கொஞ்சம் எலும்பு எல்லாத்தையும் ஒண்ணா எடுத்து வெக்கணும். அவங்க வீட்டுல சம்மதிக்கணும். கிட்னி குடுக்கறவங்ககூட முகம்னா தயங்குவாங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பையிலிருந்து எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எங்கே போனாலும் அது என் பையில்தான் இருக்கும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கமே திருப்பி வைத்தார்.

"இந்த முகம் வராதும்மா. எலும்பு இவரோடது, தோல் இன்னொருத்தரோடது. ரெண்டும் சேந்து மூணாவதா ஒருத்தர் மாதிரி இருக்கும்."

"பரவால்ல டாக்டர். ஏதோ ஒரு முகம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து ஏதோ கேட்டார். ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கிறார் என்றேன். பஞ்சர் கடைக்காரர் வேறு எதைக் கேட்பார்? டாக்டர் சிரிக்கவில்லை.

"நல்ல கேள்வி. உடம்பு எப்பவுமே இத வேத்தாளாத்தான் பாக்கும். தள்ளிவிடப் பாக்கும். அதைத் தடுக்க ஆயுசு முழுக்க மாத்திரை போடணும். அந்த மாத்திரை உடம்போட எதிர்ப்புச் சக்தியக் குறைக்கும். சாதாரணக் காய்ச்சல்கூடப் படுக்க வெச்சிடும். கிட்னி கெடலாம், சர்க்கரை வரலாம், புற்றுநோய்கூட வரலாம். உலகம் முழுக்கவே இது ஒரு அம்பது பேருக்குத்தான் நடந்திருக்கு. பத்து வருஷத்துல நாலுல ஒண்ணு கழண்டு போகலாம். அப்படிக் கழண்டா இன்னொண்ணு தேடணும், கெடைக்கலேன்னா இப்ப இருக்கறதவிட மோசமாயிடும். சிலர் செத்தும் போயிருக்காங்க." பேனா மூடியைப் போட்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த ஆஸ்பத்திரில இத யாரும் பண்ணதில்ல. நீங்கதான் முதல் ஆளா இருப்பீங்க. எனக்கும் இதப் பண்ணிப் பாக்க ஆசை இருக்கு. அதனால நான் சொல்றதக் கொஞ்சம் சந்தேகத்தோடயே கேளுங்க."

இப்படிச் சொல்கிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் காரணத்துக்காகவே எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. சந்தேகப்படச் சொன்னவரை நம்பித் தொலைத்த ஆள் நான்.

"உங்களுக்கு இது வேணுமா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் பதில் சொன்னார். "ஏணங்."

"வேணுங்கறார் டாக்டர்" என்றேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வருஷம் சோதனைகள். ரத்தம், ஸ்கேன், இதயம், கிட்னி. மனநல டாக்டர் வேறு ஐந்தாறு தடவை பார்த்தார். அவர் கேட்பார், இவர் முனகுவார், நான் சொல்வேன். இவர் மன உறுதியானவர், குடும்பம் பக்கபலமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை. எல்லாம் முடிந்து கடைசியாக ஒன்றுதான் பாக்கி. இந்த ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்று முடிவு சொல்கிற நெறிமுறைக் குழு. அவர்கள் சரி என்றால் பெயர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்.

குழுவில் ஆறேழு பேர் இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வக்கீலம்மா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு இவர் பக்கத்தில் உட்காரப் போனேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா."

"இவர் பேசறது உங்களுக்குப் புரியாதுங்க."

"புரியற வரைக்கும் கேக்கறோம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாள் எச்சில் துடைத்தது யார்? கூழ் ஊட்டியது யார்? நேற்று வந்தவர்கள் என்னை வெளியே போ என்கிறார்களா? வாய் வரை வந்தது. முகம் கிடைக்கிற நேரத்தில் காரியம் கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனேன். நடைபாதையில் ஒரு பெஞ்சு இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டார்கள். வக்கீலம்மா ஒரு காகிதத்தைக் கையால் பாதி மறைத்தபடி என் பக்கம் நகர்த்தினார். டயர்மேல் சாக்பீஸால் எழுதுகிற அதே பெரிய எழுத்து. இவருடையதுதான். "எனக்கு வேண்டாம்" என்று எழுதியிருந்தது.

"அய்யோ, இது எழுத்துப் பிழைங்க" என்றேன். "இவர் அஞ்சாவதோட நின்னவர். வண்டி நம்பர் எழுதுவார், அவ்வளவுதான். வேண்டும்னு எழுத நெனச்சிருப்பார், கை தவறி..."

வக்கீலம்மா கையை எடுத்தார். கீழே இன்னொரு வரி இருந்தது.

அவளுக்கு வேண்டும்.

"ரெண்டையும் பிழையில்லாமத்தான் எழுதியிருக்கார்" என்றார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாக, இழுத்துச் சொன்னார். "ஏ... ணாஆஆங்."

வேணும், வேணாம். உதடு குவியாவிட்டால் ணு என்பது ணு ஆகாது. உதடு ஒட்டாவிட்டால் ம் என்பது ம் ஆகாது. இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். நடுவில் இழுப்பதிலும் இழுக்காததிலும்தான் வித்தியாசம். அந்த இழுப்புக்கு நான் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. எனக்கு எது வேண்டுமோ அது காதில் விழுந்தது.

ஃபைலை மூடினார்கள். டாக்டர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, பொய் சொல்வானேன். ஆனால் குலுக்கிய கையை உடனே விடவில்லை.

பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன், இவர் பின்னால். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் உருட்டினேன். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, டாக்டர் முடியாதுன்னுட்டாரா?"

"டாக்டர் எங்க முடியாதுன்னார்? உங்கப்பாதான். ஒரு வருஷமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கார். வேணாம்னா வேணாம்னு முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருப்பார்மா. நீ முடிச்சிருப்பே."

கரண்டியை அவள்மேல் எறிந்திருப்பேன். எறியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சரி, சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இவர் கண்ணில் ஒரு குறும்பு வந்தது. உன்னால் முடியுமா என்கிற மாதிரி. பிறகு விரலால் மேஜையைத் தட்டிக் காட்டினார். ஒரு வாக்கியம் முடிந்தால் தட்டுவார். தட்டும் வரைக்கும் நான் பேசக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

அன்றைக்கு இவர் பேசினதை நான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். ஆனால் அது அப்படி வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் மூன்று தடவை, நான்கு தடவை வந்தது. மகள் சில சொற்களைப் பிடித்தாள். எனக்கு நாக்கு அரித்தது. பதினேழு வருஷக் கல்யாணத்தில் இவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"இது உயிர் போற நோயா? இல்ல. மூச்சு விடறேன். சாப்பிடறேன். உயிரக் காப்பாத்த ஆபரேஷன்னா கண்ண மூடிக்கிட்டுப் படுத்துடுவேன். முகத்துக்காக உயிரப் பணயம் வெக்கணுமா? வெக்கறவங்க வெக்கட்டும், அவங்கள நான் தப்பு சொல்லல. எனக்கு மனசு ஒப்பல." தட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். மகள் என் தொடையில் கிள்ளினாள்.

"அந்த மாத்திரையப் போட்டா தூசிக்கு ஆகாது, அழுக்குத் தண்ணிக்கு ஆகாது. என் கடைல வேற என்ன இருக்கு? புது முகத்த வெச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்து கண்ணாடி பாத்துட்டிருக்கவா? எனக்கு முகத்தவிடக் கடை முக்கியம். நீ கடையப் பூட்டிட்டே." தட்டினார்.

"அப்புறம் பேப்பர்." நிறுத்திக்கொண்டார்.

"என்ன பேப்பர்?" என்றேன், பொறுக்காமல்.

"தெனம் காலைல பேப்பர் வந்ததும் விபத்துச் செய்திய மொதல்ல பாக்கறே. யாரு, எத்தன வயசுன்னு பாக்கறே. ஆம்பள, நாப்பத்தஞ்சுன்னு இருந்தா இன்னொரு தடவ படிக்கறே. யார் வீட்டுல எழவு விழணும்னு பாத்துட்டிருக்கே?"

இந்தத் தடவை தட்டவில்லை. இவர் சொன்னது உண்மைதான். பட்டியலில் பெயரே ஏறவில்லை, அதற்குள் ஒரு வருஷமாக நான் சாவைத் தேடிக்கொண்டிருந்தேன். செத்துப்போனவருடைய பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் ஒரு கல்யாணப் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றவில்லை. வெட்கத்தில் அழுதேன். விக்கி விக்கி அழுதேன். மகள் கிள்ளின இடத்திலேயே தடவிக் கொடுத்தாள்.

"அப்ப ஏன் தலையாட்டினீங்க?" என்றேன், அழுகைக்கு நடுவில்.

"நீ என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. ஊட்டறப்ப ஸ்பூனப் பாக்கறே. பேசறப்பச் சுவத்தப் பாக்கறே. டாக்டர் முகம் கெடைக்கும்னு சொன்னப்பதான் ரெண்டு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பாத்து முகம் குடுத்துப் பேசினே. ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். அதுக்கு மேல அத எப்படி நான் வேணாம்னு சொல்றது?"

சட்டென்று நிமிர்ந்து பார்த்தேன். இது வரை எழுதிய எதற்கும் நான் இவ்வளவு தயங்கவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும். நான் அதுவரை அந்த முகத்தை முழுதாகப் பார்க்கவில்லை. துடைத்தேன், கழுவினேன், மருந்து தடவினேன், பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்தேன். மூக்கு இருந்த இடத்தில் தொடைச் சதை கொஞ்சம் வெளிறிப்போய், தையல் தடத்தோடு இருந்தது. அதன் கீழே பல் இல்லாத இடைவெளி. இடது கன்னம் மட்டும் அப்படியே பழைய கன்னம். நான் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து அந்தக் கன்னம் லேசாக மேலே ஏறியது. சிரிக்கிறார். மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நான்தான் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சிரிப்பு? எனக்கு இங்க உயிர் போகுது."

"உனக்கு எப்பவும் மூக்குக்கு மேல கோபம். எனக்கு அந்த வசதி இல்ல."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே.

மறு மாதம் மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். இவர் கையில் ஒரு காகிதம். என்ன வேண்டும் என்று தானே எழுதியிருந்தார். எச்சில் ஒழுகக் கூடாது. சோறு மெல்ல வேண்டும். கடைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "இதுக்கு யாரும் சாக வேண்டாம்" என்றார். இவருடைய முன்கையிலிருந்தே சதை எடுத்து உதடு மாதிரி செய்யலாம், பார்க்க உதடு மாதிரி இருக்காது, ஆனால் வாயை மூட உதவும் என்றார். கால் எலும்பில் கொஞ்சம் எடுத்துத் தாடையில் வைத்துப் பல் கட்டலாம். மூக்குக்கு சிலிகானில் ஒன்று செய்து காந்தத்தில் ஒட்ட வைக்கலாம். "ரெண்டு மூணு ஆபரேஷன் ஆகும். வலிக்கும். இதுலயும் கொஞ்சம் ஆபத்து இருக்கு. ஆனா உங்க சதைய உங்க உடம்பு தள்ளாது."

நான் என் கையாலேயே என் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் இவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். வேண்டும்.

எட்டு மாதம் ஆயிற்று. சதை தடித்துப்போய், கையில் இருந்த முடிகூட உதட்டில் முளைத்தது. மீசைக்கு மீசையாயிற்று என்றாள் மகள். ஆனால் வாய் மூடியது. துண்டு கையிலிருந்து தோளுக்குப் போனது, தோளிலிருந்து கொடிக்குப் போனது. பல் கட்டின பிறகு முதல் தடவையாகச் சோற்றைச் சோறாகவே சாப்பிட்டார். அன்றைக்குச் சமையலில் உப்பு இல்லை என்று சொன்னார். நாலு வருஷமாகக் கூழைப் பற்றி ஒரு குறை சொல்லாத மனிதர். சந்தோஷத்தில் சண்டை போட்டேன்.

கடையைத் திறந்தோம். முதல் வாரம் வண்டிகள் வேகத்தைக் குறைத்து, இவரைப் பார்த்துவிட்டு, அப்படியே போய்விட்டன. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கடையிலேயே இருந்தேன். இவர் அசரவில்லை. எப்போதும் போலச் சாலை ஓரத்துக்குப் போய்க் கையைக் காட்டினார். ஒரு டேங்கர் நின்றது. டிரைவர் இறங்கி, இவர் காட்டிய சக்கரத்தைக் குத்திப் பார்த்து, "அண்ணே, நெசமாவே எறங்கியிருக்கு" என்றான். அவன் போய் நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூக்கு வியர்வைக்கு நிற்பதில்லை என்று வேலை நேரத்தில் கழற்றிவிடுவார். பஞ்சர் ஒட்டு வைக்கிற தகர டப்பாவில்தான் அது இருக்கும். ஒரு தடவை அவசரத்தில் ஒரு டிரைவர் ஒட்டு எடுக்க டப்பாவுக்குள் கையை விட்டுவிட்டு அலறியதை இவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். இப்போது கூண்டில்லாமல் ஒரு சக்கரத்துக்கும் காற்றடிப்பதில்லை. "அவசரம்ணே, சும்மா வெளியவே வெச்சு அடிங்க" என்று யாராவது சொன்னால் பேசாமல் தன் முகத்தைச் சுட்டிக் காட்டுவார். அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை.

போன மாதம் டாக்டரிடமிருந்து போன் வந்தது. இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி, பஸ் தீப்பிடித்ததில் முகம் முழுக்க வெந்துவிட்டது. இமை மூடவில்லை, பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்கு முகம் மாற்றுவதைப் பற்றி யோசிக்கிறார்கள். முடிவு சொல்வதற்கு முன்னால், இதை வேண்டாம் என்று சொன்ன ஒருவரிடமும் வேண்டும் என்று செய்துகொண்ட ஒருவரிடமும் அவள் பேசியாக வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டாராம். செய்துகொண்டவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் கம்ப்யூட்டரில் பேசிவிட்டார். இவர் வர முடியுமா?

"வேணாம்னு சொல்லிடாதீங்க அவகிட்ட" என்றேன் போகிற வழியில். "அவளுக்குக் கண்ணு போகுது. உங்க கதை வேற, அவ கதை வேற."

"நான் எதுக்குச் சொல்றேன்? என்னைக் கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்வேன்" என்றார். ம இப்போது கிட்டத்தட்ட ம தான். கொஞ்சம் காற்று மட்டும் சேர்ந்து வரும்.

அதே நடைபாதை, அதே பெஞ்சு. இவர் மூக்கைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அந்தப் பெண்ணின் அம்மாவை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். என்னைவிடச் சின்னவர்தான். கையில் ஒரு போட்டோ. என்னிடம் நீட்டினார். காலேஜ் பையோடு நின்று சிரிக்கிற பெண்.

"அழகா இருக்கா" என்றேன்.

"இத எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டினேன். இந்த முகம் வராதுன்னுட்டார். அவ எதுக்கும் சரியாவே பதில் சொல்ல மாட்டேங்கறா. நான்தான் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லணும். இப்பப் பாருங்க, என்னையே வெளிய அனுப்பிட்டாங்க."

அவர் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். உள்ளே இவர் குரல் கேட்டது, பிறகு அந்தப் பெண்ணின் குரல். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். தகர டப்பாக் கதையைச் சொல்லியிருப்பார். அந்த அம்மா எழுந்து கதவுப் பக்கம் போனார். "உக்காருங்கம்மா" என்று இழுத்து உட்கார வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்துவரை துணி சுற்றியிருந்தாள் அந்தப் பெண். நேராக அம்மா முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னாள். வெந்து இறுகிய வாய். ப இல்லை, ம இல்லை, வ இல்லை. அந்த அம்மா பதறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றா? உங்களுக்குப் புரியுதா? சொல்லுங்களேன்."

எனக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவளையே கேளுங்க" என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கண்ணாடியைக் கழற்றினார். மூடாத இமைகளை, உருகி ஒட்டியிருந்த கன்னத்தை, அப்படியே நேராகப் பார்த்தார். "சொல்லுடி, கேக்கறேன்" என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அம்மா தலையை ஆட்டினார், புரியவில்லை என்று. அவள் பொறுமையாக, ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து, மூன்றாவது தடவையும் சொன்னாள்.

"எனக்கு வேணும்மா. பயமாவும் இருக்கு."

"எனக்கும்தான்டி" என்றார் அந்த அம்மா.